மீனுக்கு எதற்கு ஐயா இத்தனை வெளிச்சம்?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வளர்ந்தவன் நான். உள்ளங்கை அகலம்கூட இராத, மஞ்சளும் செம்மையும் கலந்த ஒரு சிறு மீன் அங்கே கரிமீனோடு சேர்ந்து வலையில் வரும். அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. தில்லிக்குப் படிக்க வந்த முதலாண்டில், வண்ணமீன் கடை ஒன்றின் கண்ணாடித் தொட்டியில் அதே மீனைக் கண்டேன். 'ஆரஞ்சு குரோமைடு' என்று சீட்டு ஒட்டி, ஒன்று 150 ரூபாய் என்று விலை போட்டிருந்தார்கள். அயலூர் ரயில் நிலையத்தில் சொந்த ஊர்க்காரனை எதிர்பாராது சந்தித்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்தது எனக்கு. நான்கு மீன்களை வாங்கினேன். அந்த நான்கையும் எவ்வாறு கொன்றேன் என்பதைச் சொன்னால்தான் நான் சொல்லவந்த கருத்து விளங்கும்.

கையில் இருந்தது 5,000 ரூபாய். தொட்டி, மணல், மீன் போக மீதியில் ஹீட்டர் வாங்கலாமா, விளக்கு வாங்கலாமா என்ற கேள்வி வந்தது. "வெளிச்சம் இல்லையென்றால் மீனுக்கு நிறம் வராது, பேட்டா" என்றார் கடைக்காரர். நீலம், சிவப்பு, வெள்ளை என்று மாறி மாறி எரியும் வெளிநாட்டு விளக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். விலை 2,200 ரூபாய். அப்போது அக்டோபர் மாதம். சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஹீட்டரின் நினைவு எப்படி வரும்? விளக்கை வாங்கினேன். முனிர்க்காவில் என் மாடியறைக்கு வந்த நண்பர்களெல்லாம் மெச்சினார்கள்.

ஜனவரி வந்தது. தில்லியில் இரவு வெப்பம் 4, 5 டிகிரிக்கு இறங்குவதை இந்த இதழைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. போர்வைக்குள்ளிருந்து படிப்பவர்களும் இருப்பீர்கள். ஒரு காலையில் தொட்டி நீரைச் சோதித்தேன். 14 டிகிரி. அந்த மீனுக்கு வேண்டியதோ 24 முதல் 28 வரை. நான்கும் மணலோடு மணலாய்ப் படுத்துவிட்டன, தீனி தொடவில்லை, உடல் கறுத்தது. ஒரே வாரத்தில் நான்கும் போயின. விளக்கு மட்டும் நீலமும் சிவப்புமாய்க் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

பிழை கடைக்காரருடையது மட்டும் என்று நான் கூறமாட்டேன். நாம் தொட்டியை வாங்குவது பார்ப்பதற்கு; ஆகவே பார்வைக்கு உதவும் பொருளுக்கே முதலில் பணத்தை இறைக்கிறோம். நீருக்குள் இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த மீன் யார் என்று சற்றுச் சொல்கிறேன். சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தில் 1,700க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காவிலும் வாழ்பவை. இந்தியாவுக்கென்று இயற்கை அளித்தவை மூன்றே: கரிமீன், கன்னட நாட்டு ஆறுகளில் உள்ள அதன் உறவு ஒன்று, நம்முடைய இந்த ஆரஞ்சு குரோமைடு. கரிமீன் 2010ல் கேரளத்தின் மாநில மீன் ஆயிற்று. சின்னவனுக்கு அந்தப் பெருமை கிட்டவில்லை. மலையாளத்தில் பள்ளத்தி என்ற பெயரோடு குழம்பில் கிடக்கிறான். இம்மூன்றுக்கும் மிக நெருங்கிய உறவினர் இருப்பது எங்கே தெரியுமா? மடகாஸ்கர் தீவில். நிலம் பிரிந்தபோது பிரிந்த உறவா, பிறகு கடல் கடந்த உறவா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள்.

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் உப்பங்கழியில் வாழ்பவன் ஆகையால், தில்லிக் குழாயில் வரும் கடின நீர் இவனுக்குத் துன்பம் தருவதில்லை. நமக்குத் தலைமுடியைக் கொட்டவைக்கும் நீர் இவனுக்கு ஊர் நினைவைத் தரும்போலும்! லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பும் நான் சேர்க்கிறேன்.

இரண்டாம் முறை தொட்டி வைக்கத் துணிந்தபோது, ராமகிருஷ்ணபுரத்தில் மின்சாமான் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவரிடம் சென்றேன். பழைய விளக்கின் கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "ஏன் தம்பி, உங்க மீன் ராத்திரியில உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்குதா?" என்றார். பிறகு இரண்டடி நீளமுள்ள 10 வாட் எல்.இ.டி. பட்டை விளக்கு ஒன்றை எடுத்துத் தந்தார். வீட்டுச் சுவரில் மாட்டும் சாதாரண விளக்குதான். 220 ரூபாய்.

அதிலும் ஒரு பாடம் கற்றேன். முதலில் நான் கொண்டுவந்தது 6,500 கெல்வின் என்று பெட்டியில் அச்சிட்ட வெள்ளை விளக்கு. அதன் கீழ் என் செம்மஞ்சள் மீன் வெளுத்த எலுமிச்சைபோல் தெரிந்தது. திரும்பக் கொடுத்து, 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கை மாற்றி வாங்கினேன். அன்று மாலையே மீன் தணலாய் ஒளிர்ந்தது! மீனுக்கு நிறம் வந்தது என்று சொல்லமாட்டேன். அதன் நிறம் நம் கண்ணுக்கு வந்தது, அவ்வளவுதான். நல்ல தீனியும் தூய நீரும் அச்சமற்ற இடமும் தரும் நிறத்தை எந்த விளக்கும் தந்துவிடாது. மறைவிடம் இல்லாத தொட்டியில் மிகுந்த வெளிச்சம் பாய்ச்சினால், மீன் அஞ்சி மூலையில் ஒடுங்கி வெளிறுவதையே காண்போம்.

செடி வளர்ப்பதற்கென்றே தொட்டி வைப்பவர்கள் இதை மறுப்பார்கள். அவர்களுக்கு வலிய விளக்கு வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஜாவா பெரணியைக் கல்லில் கட்டிவிட்டால் மங்கலான ஒளியிலும் வளர்கிறது, இலேசான உப்பையும் தாங்குகிறது. ஒரு மாணவனுக்கு அது போதாதா?

சாதாரண விளக்கை நீரின்மேல் வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அது நீர் புகாத விளக்கன்று. ஆகவே தொட்டியின் மேல் கண்ணாடி மூடி இட்டு, விளக்கை மூடியின்மேல் வைக்கவேண்டும். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி, வளைந்து மேலே ஏறவேண்டும். ஒயர் வழியாக வடியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கைவிடுமுன் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள். விளக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் போதும். அதற்குமேல் எரியவிட்டால் கண்ணாடியெல்லாம் பாசி. நாம் விடிய விடியக் கண்விழிக்கிறோம் என்பதற்காக மீனும் விழித்திருக்க வேண்டுமா?

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். 50 லிட்டர் அளவு நீர் பிடிக்கும். கண்ணாடிக் கடையில் சொன்னால் ஒட்டித் தருவார்கள். அடியில் ஒரு தெர்மகோல் பலகை, கழுவிய ஆற்றுமணல், கவிழ்த்த மண் பூந்தொட்டி ஒன்று, காற்று பம்பில் ஓடும் ஸ்பாஞ்சு வடிகட்டி ஒன்று. குழாய் நீரைக் குளோரின் போகும்படி ஒருநாள் வைத்திருந்து ஊற்றுங்கள். ஆனால் உடனே மீனை விடாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை வெறுந்தொட்டியில் சிறிது தீனி மட்டும் போட்டு அழுகவிட்டு, அந்நுண்ணுயிர்களை வளர்க்கவேண்டும். வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நான் 5 வாரம் உட்கார்ந்திருந்தேன். அறை நண்பன் என்னைப் பைத்தியம் என்றான்.

மிச்சமான பணத்தில் 100 வாட் ஹீட்டர் வாங்கினேன். வேண்டிய வெப்பம் வந்ததும் தானே நின்றுவிடும் வகை. இங்கே கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 10 வாட் விளக்கு நாளுக்கு 8 மணி எரிந்தால் மாதத்துக்கு 2.4 யூனிட். ஹீட்டர் குளிர்காலத்தில் பாதி நேரம் ஓடினால் மாதத்துக்கு 36 யூனிட். ஆம், பதினைந்து மடங்கு. அதனால்தான் விளக்கில் மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன். ஹீட்டரில் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதை நான்கு மீன்களை இழந்து அறிந்தேன். மூன்று பக்கமும் தெர்மகோல் ஒட்டினால் ஹீட்டருக்கு வேலை குறைகிறது.

இதே இரண்டடித் தொட்டிக்கென்று 'ஆஸ்கார்' குஞ்சை விற்கும் கடைகளும் உண்டு. இன்று விரலளவு, வளர்ந்தால் ஓரடி. அதை வாங்கி வளர்க்க எண்ணும் நண்பர்கள், தாம் ஒரு குளியலறைக்குள் நான்காண்டு பட்டப் படிப்பை முடிக்க இயலுமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஆரஞ்சு குரோமைடு 8 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். ஓர் இணைக்கு இத்தொட்டி போதும்.

அந்த இணை செய்யும் குடும்பம் இருக்கிறதே, அதற்கு ஈடாக ஒன்றை நான் கண்டதில்லை. தாயும் தந்தையும் முறைபோட்டு முட்டைகளுக்கு விசிறுகின்றன. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெற்றோரின் உடல்மேல் ஊறும் வழுவழுப்பையே கொத்தித் தின்கின்றன. வார்டு, பார்லோ என்னும் இரு ஆய்வாளர்கள் 1967லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். என் தொட்டியில் அதைப் பார்ப்பதற்கு அந்த 220 ரூபாய் விளக்கின் வெளிச்சமே தாராளமாக இருக்கிறது.

சென்ற வாரம் பூந்தொட்டியின் உட்புறம் மறுபடியும் முட்டை இட்டிருக்கின்றன. குஞ்சுகள் விரற்கடை அளவு வளர்ந்தபின் சங்க நண்பர்களுக்கு விலையின்றித் தர எண்ணியிருக்கிறேன். கேட்டு வருபவர்கள் விளக்கு இல்லாமல் வரலாம். தொட்டி வைத்து ஐந்து வாரம் ஆகியிருக்கவேண்டும், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கவேண்டும்; அதை நானே நேரில் வந்து பார்த்த பிறகுதான் கொடுப்பேன்.