மனை சுருங்கட்டும், வயல் பிழைக்கட்டும்

நம் கூட்டங்களில் அடுக்குமாடி என்று சொன்னாலே முகம் சுளிக்கிறோம். "தனி வீடு, சுத்தி நாலு தென்னை, கொல்லையில கீரைப்பாத்தி, அதுதான் இயற்கை வாழ்வு" என்கிறோம். கரையான்சாவடியில் இருந்துகொண்டு நான் நேர்மாறாகச் சொல்கிறேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம். வீடு வந்துதான் தீரும் என்றால், குறைந்த நிலத்தில் நெருக்கமாக வரட்டும்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்தவனுக்குக் கணக்குப் போடாமல் பேச வராது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சாலை, பூங்கா போக மனையாகத் தேறுவது ஏறக்குறைய 60 சதவீதம் என்று வையுங்கள். 26,000 சதுர அடி. கிரவுண்ட் கணக்கில், அதாவது 2,400 சதுர அடியாகப் பிரித்தால் 11 குடும்பத்துக்குக்கூடச் சரியாக வராது. அரை கிரவுண்ட் என்றால் 21. அதே ஏக்கரில் அடுக்குமாடி? தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் சாதாரண உயரக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2 தருகின்றன. நிலத்தைப்போல் இரண்டு மடங்கு தளம் கட்டலாம். ஆயிரம் சதுர அடி வீடாகப் போட்டாலும் 80 குடும்பம் இருக்கும். ஆயிரம் குடும்பத்துக்கு கிரவுண்ட் மனை என்றால் 90 ஏக்கருக்கு மேல் போகும். அடுக்குமாடிக்கு 13 போதும்.

இதைவிட மோசம் 'பண்ணை மனை'. நம் வார்த்தைகளையே எடுத்து விளம்பரம் செய்கிறார்கள். 25 சென்ட், கம்பி வேலி, ஒரு போர், பத்து மாங்கன்று. ஆயிரம் பேர் வாங்கினால் 250 ஏக்கர், சாலை தனி. மாசத்துக்கு ஒரு ஞாயிறு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வயல்காரன் சாணக் கரைசல் ஊற்றினால் நாத்தம் என்று புகார் வேறு. பெயரில் 'பண்ணை' இருப்பதால் இதை நாம் எதிர்ப்பதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

அரசே கணக்குப் போட்ட இடம் பக்கத்தில் இருக்கிறது. திருமழிசை துணைநகரம் 2011இல் அறிவிக்கப்பட்டபோது செம்பரம்பாக்கம், குத்தம்பாக்கம், வெள்ளவேடு உள்ளிட்ட ஊர்களில் 311 ஏக்கர், சுமார் 12,000 மனைகள் என்றார்கள். ஏக்கருக்கு 38. சாலை போக மனை 700 சதுர அடிகூட வராது. "தீப்பெட்டி மாதிரி" என்று கேலி பேசினோம். அதே 12,000 குடும்பத்தை கிரவுண்ட் மனையில் உட்கார வைக்க ஆயிரம் ஏக்கருக்கு மேல் வேண்டும். அது யார் வயல்?

தண்ணீர் என்று கேட்பீர்கள். நியாயம். அடுக்குமாடிக்கு லாரித் தண்ணீர் நம் கிணறுகளில் இருந்துதான் போகிறது. ஆனால் தனி மனைகள் மட்டும் வானத்திலிருந்தா குடிக்கின்றன? வீட்டுக்கு ஒரு போர், வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க். நூறு வீடு ஒரே இடத்தில் இருந்தால் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கேட்கலாம், மழைநீர்க் குழி இருக்கிறதா என்று ஒரே நாளில் பார்க்கலாம். சிதறிக் கிடக்கும் நூறு மனையில் யார் போய்ப் பார்ப்பது?

வயலுக்கு வரும் கேடு வேறு மாதிரி. ஆயக்கட்டு நடுவில் லேஅவுட் போட்டால் முதலில் சவுடு கொட்டி இரண்டடி உயர்த்துவார்கள். வாய்க்கால் மூடிப்போகும். மேல்மடையில் தண்ணீர் நிற்கும், கீழ்மடை காயும். நாலு ஏக்கர் மனையானால் சுற்றியுள்ள பத்து ஏக்கர் தரிசாகும். தரிசானதும் அதுவும் விற்பனைக்கு வரும். 2016இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தது. அடுத்த வருஷமே வரன்முறைத் திட்டம் வந்தது. மனைக்கு வரன்முறை கிடைக்கும். மூடின வாய்க்காலுக்கு?

அதனால் 'எங்கே' என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காம் வழித்தடத்தில், கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரை, கரையான்சாவடிக்கும் ஒரு நிலையம் உண்டு. அதைச் சுற்றி மாடிமேல் மாடி கட்டட்டும். ஏரிப் பாசன நஞ்சையில் மனை எவ்வளவு சின்னதானாலும் வேண்டாம்.

சென்னைப் பெருநகருக்கு 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. வரைவு வந்தால் ஆட்சேபம் எழுத மக்களுக்குச் சட்டத்தில் இடமுண்டு. அப்போது "விவசாயத்தைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். உங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் எந்த சர்வே எண் எந்த ஏரிப் பாய்ச்சல் என்று எழுதியிருக்கும். மதகு வாரியாக இப்போதே பட்டியல் எடுங்கள், புல வரைபடத்தில் வாய்க்காலைக் குறித்துச் சேர்த்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரைக் காலையில் போய்ப் பாருங்கள், மதியத்துக்கு மேல் ஆள் கிடைக்கமாட்டார்.