நத்தையும் கோவாலாவும்

மழை ஓய்ந்த காலையில் கம்மாபுரத்து வயல் வரப்புகளில் நடப்போர் நத்தையைக் கண்டிருப்பர். நின்று நோக்கியோர் சிலரே. மிதிக்காமல் தாண்டிச் செல்வதையே நாம் பெருங்கருணை என எண்ணிக் கொள்கிறோம்.

நியூசிலாந்தின் ஸ்டாக்டன் பீடபூமி நிலக்கரி நிறைந்தது. அங்கே அகஸ்டஸ் மலைமுகட்டில் மட்டுமே வாழ்ந்த, மண்புழுவை உண்ணும் பெருநத்தை ஒன்று 1996-ல் கண்டறியப்பட்டது. அம்மலை நிலக்கரிக்காக வெட்டப்பட்டது. 2006 முதல் ஏறத்தாழ 6,000 நத்தைகள் பொறுக்கி எடுக்கப்பட்டன. பெரும்பாலானவை வேறிடங்களில் விடப்பட்டன. எஞ்சியவை குளிர்பதனப் பெட்டிகளில் வளர்க்கப்பட்டன. 2011-ல் அவற்றுள் ஒரு பெட்டி பழுதுற்று, குளிர் மிகுந்து, ஏறத்தாழ 800 நத்தைகள் மாண்டன.

அண்டை நாடான ஆஸ்திரேலியாவின் கோவாலாவோ உலகின் செல்லப்பிள்ளை. குட்டியை வயிற்றுப் பையில் சுமந்து, யூகலிப்டஸ் இலைகளை உண்டு வாழும் விலங்கு அது. 1927-ல் குவீன்ஸ்லாந்தில் மென்மயிர்த் தோலுக்காக அவை இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்தனர், அவ்வேட்டை ஓய்ந்தது. ஆயினும் காடழிப்பு ஓயவில்லை. 2019-20 காட்டுத்தீயும் சேர்ந்து வாட்ட, 2022-ல் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களிலும் தலைநகர்ப் பகுதியிலும் அது அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டையும் ஒப்பிட்டால் புலப்படுவது யாது? ஒன்றுக்கு அழகு இருந்தது. உலகமே பரிந்து பேசியது. மற்றொன்றுக்கு அழகில்லை, எனினும் அறிஞரின் பராமரிப்புக் கிடைத்தது. அன்பு பெற்றதும் தேய்கிறது. பராமரிப்புப் பெற்றவற்றுள்ளும் பல மாண்டன. ஏனெனில் இரண்டும் இழந்தது ஒன்றையே: வாழும் இடம். மரத்தை வெட்டிவிட்டுக் கோவாலாவைக் கொஞ்சுவதும், மலையை அகழ்ந்துவிட்டு நத்தையைப் பெட்டியில் பேணுவதும் வேரறுத்த செடிக்கு நீர் வார்ப்பதே. புழு பூச்சிகளும் படைப்புக்கு இன்றியமையாதவை எனத் திருத்தந்தை பிரான்சிஸ் தமது 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நினைவூட்டியதும் இது பற்றியே.

1956-ல் நெய்வேலி நிறுவனம் தோன்றிய நாள் முதல் இவ்வட்டாரத்து மக்கள் இடம்பெயர்தலை அறிவர். சுரங்கம் நமக்கு ஒளி தந்தது; பலருக்குச் சோறும் தந்தது. அதை மறுப்பது நன்றியன்று. ஆனால் மனை மாறியோருக்கே தெரியும், இழப்பீட்டில் அடங்காத இழப்பும் உண்டென்று. அதை அறிந்த நாமே, பேச வாயற்ற சிற்றுயிர்களுக்காகவும் ஒரு சொல் சொல்லத் தக்கவர்கள்.

இம்மழைக்காலத்தில் நம் பிள்ளைகளை வரப்புக்கு அழைத்துச் செல்வோம். நத்தையை எடுக்க வேண்டா. அது ஊர்ந்து தன் இடம் சேரும்வரை உடனிருந்து காட்டுவோம்.