மீனைத் தின்றது யார்? கடல்நாய் மேல் விழுந்த பழி!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் திருமுடிவாக்கம், குன்றத்தூர், அனகாபுத்தூர் பக்கம் மீன் வாங்குகிற வீடுகளில் பட்ஜெட் இடிக்கும். தடை முடிந்து விசைப்படகுகள் போனாலும் சில வருஷம் வலை நிறையாது. அப்போது எழும் கேள்வி, ‘மீனெல்லாம் எங்கே போச்சு?’ என்பதுதான்.

இதே கேள்வி 1992-ல் கனடாவை உலுக்கியது. நியூஃபவுண்ட்லேண்ட் கடலில் 1968-ல் மட்டும் 8 லட்சம் டன் காட் மீன் பிடிபட்டது. 24 வருஷத்தில் அந்த மீன் ஏறக்குறைய காலி. 1992 ஜூலையில் அரசு தடை போட, சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். அடுத்த சில வருஷங்களில் பழி கடல்நாய்கள் மேல் விழுந்தது. சீல் என்று சொல்கிறோமே, அதுதான். ‘லட்சக்கணக்கில் பெருகிவிட்டன, மீனை மிச்சம் வைப்பதில்லை’ என்றார்கள்.

கல் சொல்லும் கதை

கடல்நாய் என்ன தின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கத்தாளை மீன் தலையை ஆய்ந்தவர்களுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைக் கல் தெரியும். அது மீனின் காதுக்கல். எலும்புள்ள மீன்கள் எல்லாவற்றுக்கும் உண்டு, கத்தாளைக்குப் பெரிது. மீனுக்கு மீன் வடிவம் மாறும். மரத்தில் இருப்பதுபோல வருஷ வளையமும் இருக்கும். கடல்நாயின் வயிற்றிலும் கழிவிலும் கிடைக்கும் கற்களை வைத்து எந்த மீன், எவ்வளவு பெரியது என்று விஞ்ஞானிகள் கணக்கிடுவார்கள்.

இதில் ஓர் ஓட்டை. கடல்நாய் சில சமயம் மீனின் வயிற்றை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு தலையை விட்டுவிடும். கல் சிக்காது, கணக்கும் உதைக்கும். அதனால் உடல் கொழுப்பைச் சோதித்தும், உடலில் கருவி பொருத்தி எங்கே மேய்கிறது என்று பார்த்தும் சரிபார்க்கிறார்கள்.

ஒரு கடலில் இல்லை, ஒரு கடலில் ஆமாம்

நியூஃபவுண்ட்லேண்டில் காட் அழிந்ததற்கு முக்கியக் காரணம் அளவுக்கு மீறிப் பிடித்ததுதான். அது மீண்டு வருவதும் கடல்நாயைவிட காட் தின்னும் கேப்லின் என்ற சின்ன மீனைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது என்று கனடா மீன்வளத்துறை ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால், பக்கத்திலேயே உள்ள செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில் காட் மீளாமல் இருக்க சாம்பல் கடல்நாய் பெரிய காரணம் என்றும் அதே துறை விஞ்ஞானிகளே சொல்கிறார்கள்.

தென் ஆப்பிரிக்காவில் இன்னும் வேடிக்கை. அங்கே ஹேக் மீன் இரண்டு வகை. கடல்நாய் பெரும்பாலும் தின்பது ஆழம் குறைந்த இடத்து ஹேக்கை. அந்த ஹேக்கோ ஆழ்கடல் ஹேக்கின் குஞ்சுகளைத் தின்னும். கடல்நாயைக் கொன்றால் மீன் கூடுவதற்குப் பதில் குறையவும் வாய்ப்பு உண்டு என்று 1995-ல் இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

நம்ம மத்தி

நம் கடலில் கடல்நாய் கிடையாது. இங்கே ‘வலையைக் கிழிக்குது, மீனைத் தின்னுது’ என்ற புகார் ஓங்கல் மேல், அதாவது டால்பின் மேல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பதால் அதைக் கொல்வது குற்றம்.

மத்தி மீன் கணக்கைப் பாருங்கள். கேரளாவில் 2012-ல் சுமார் 4 லட்சம் டன் பிடிபட்டது. 2021-ல் சுமார் 3,300 டன்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதற்குக் காரணமாகச் சொல்வது எல் நினோ போன்ற கடல் மாற்றங்களையும், குஞ்சு மீனைக்கூட விடாமல் பிடிப்பதையும். ஓங்கலை விரட்டியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறியிருக்காது. கேரள அரசு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை போட்டிருக்கிறது.

எல் நினோவை நாம் நிறுத்த முடியாது. குஞ்சு மீனை வாங்காமல் இருக்க முடியும். அடுத்த முறை கடையில் மத்தி வாங்கும்போது நடுவிரலை வைத்துப் பாருங்கள். விரலைவிடக் குட்டையாக இருந்தால் அது இன்னும் முட்டை போடாத மீனாக இருக்கலாம். விலை மலிவு என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்க ஆள் இல்லை என்றால் பிடிப்பதும் குறையும்.