கிளாஸைத் தூக்கிவிடுங்கள், அங்கிள்

மும்பையில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். (2022-இல் அந்தப் பதவிக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இவர் அதை ஒப்புக்கொள்வதில்லை.) லோக்கல் வண்டிகளின் கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு, முப்பது சொச்சம் வருடங்கள் இரண்டு மணி அடித்து வண்டியைக் கிளப்பியவர். அவர் மணி அடித்தால்தான் ஆயிரக்கணக்கான பேர் வீடு போய்ச் சேர முடியும் என்பது அவரை ஒருநாளும் படுத்தியதில்லை. ஆனால் அண்ணன் மகள் கல்யாணத்தில் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்றதும் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

அவர்கள் மங்களூர்க் கத்தோலிக்கர்கள். சர்ச்சில் திருமணம் முடிந்த பிறகு மாலை வரவேற்பில் கேக் வெட்டுவார்கள். அப்போது குடும்பத்துக்கு வேண்டிய ஒருவர் மணமக்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஒயின் கிளாஸை உயர்த்த வேண்டும். சபை முழுவதும் எழுந்து நின்று தானும் உயர்த்தும். டோஸ்ட் என்பது இதுதான். பெண்ணின் தகப்பனார் காலமாகிவிட்டார். சித்தப்பாதான் பேச வேண்டும் என்று பெண் சொல்லிவிட்டாள். மாட்டேன் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. பேசவும் வாய் வராது என்பது அப்புறம்தான் உறைத்தது.

இப்படிப்பட்ட மாலைகளை நடத்துகிறவருக்கு எம்.சி. என்று பெயர். மங்களூர், கோவா, மும்பையின் பாந்த்ரா, வசாய் பக்கமெல்லாம் இது ஒரு தொழில். கொங்கணியும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், பாண்டுக்காரர்களை மேய்ப்பார், சாப்பாடு தயாரா என்று சமையல்காரரிடம் கண்ணாலேயே கேட்பார். நல்ல குரலும் பத்து ஜோக்கும் கைவசம் இருந்தால் யாரும் எம்.சி. ஆகிவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அந்த இளைஞர் வீட்டுக்கே வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். என்ன பேசப் போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

"அங்கிள், சின்ன வயசுல அவ உங்களை எப்படிக் கூப்பிடுவா?"

இவர் யோசித்துவிட்டு, "டிங்-டிங்" என்றார். மணி அடிக்கிற சித்தப்பா.

"அதுதான் உங்க முதல் வரி. எழுதிக்கங்க."

தாளில் எழுத விடவில்லை. தபால் அட்டை அளவில் கெட்டி அட்டை ஒன்றைக் கொடுத்தார். கை நடுங்கினால் தாள் படபடக்கும். மைக் அதையும் சேர்த்துக் கூட்டத்துக்குச் சொல்லும். அட்டை அப்படிக் காட்டிக்கொடுக்காது. நாலே வரிகள். முதல் வரி மட்டும் மனப்பாடம், மற்றவை பார்த்துக்கொள்ளலாம். மைக்கைக் கையில் பிடிக்க வேண்டாம், ஸ்டாண்டில் இருக்கும். பேசி முடிக்கும்வரை ஒயினைத் தொடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். இதெல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர் சொன்னதுதான் முக்கியம்: "நடுவுல பேச்சு நின்னு போச்சுன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம். கிளாஸைத் தூக்கிடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

கவனித்தீர்களா? "பயப்படாதீர்கள்" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நாமெல்லாம் முதலில் சொல்வது அதைத்தான். சொல்லி யாருக்காவது பயம் போயிருக்கிறதா? பயந்தவர் பயத்தோடு, பயப்படக் கூடாது என்ற கவலையையும் சேர்த்துச் சுமக்கிறார். பயம் பேச்சைப் பற்றியதுகூட அல்ல. எப்போது கூப்பிடுவார்கள், எங்கே நிற்பது, தடுமாறினால் என்ன ஆகும் என்பதுதான். இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டால், மீதியுள்ள பயம் ஒரு மனிதன் தாங்கக்கூடியதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது மண்டபம் முழுக்கக் கேட்கிறது என்று பேசுகிறவர் நினைக்கிறார். கேட்பதில்லை. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது என்று சில மாணவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பேசியவர்கள் மட்டுமல்ல, கேட்டவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். அப்படியிருக்க, "கொஞ்சம் பயந்துபோய் இருக்கிறார், பலமாகக் கைதட்டி உற்சாகப்படுத்துங்கள்" என்று மைக்கில் அறிவிக்கும் தொகுப்பாளர்களை என்ன செய்வது? தெரியாத விஷயத்தைத் தெரியப்படுத்தி, ஐந்நூறு பேரை நடுக்கத்தைத் தேட வைக்கிறார்கள்.

நம் ஊர்க் கல்யாண மேடை ஞாபகத்துக்கு வருகிறது. பேச்சையே சடங்கின் இடத்தில் வைத்தவர்கள் நாம். சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967-இல் அண்ணா அரசு சட்ட அங்கீகாரம் கொடுத்தது. மணமக்கள் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் சரி. வாழ்த்துரை அதில் எங்கேயும் இல்லை. ஆனால் வாழ்த்துரை இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? அங்கே தொகுப்பாளரின் கஷ்டமே வேறு. பேச்சாளருக்குப் பயம் கிடையாது. "நேரத்தின் அருமை கருதி" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அதையும் வாசித்துவிட்டு மேலே தொடர்வார். மாவட்டம், வட்டம், ஒன்றியம் என்று வரிசையாகப் பேசி முடிக்கும்போது பந்தியில் இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கும். முதல் வரிசையில் பெண்ணின் தாயார் உட்கார்ந்திருப்பார். பெண்ணைப் பற்றி அந்த மண்டபத்தில் அதிகம் தெரிந்தவர் அவர்தான். அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கேட்டால், "அவங்களுக்குப் பேச வராதுங்க" என்பார்கள். பேச வராது என்று யார் பார்த்தார்கள்? பத்து நாள் முன்னால் வீட்டுக்குப் போய், ஒரு நல்ல கேள்வி கேட்டு, ஓர் அட்டையைக் கொடுத்து யாராவது முயன்றிருக்கிறார்களா?

இரண்டாவது மாடிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தன்று விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எம்.சி. அவரைக் காலி மண்டபத்துக்கு அழைத்துப்போனார். மைக் முன்னால் நிறுத்தி, பெயரையும் பணியாற்றிய ரயில்வேயையும் சொல்லச் சொன்னார். தன் குரல் மூலையிலிருந்து திரும்பி வருவதை அவர் கேட்டுக்கொண்டார். ஸ்டாண்டின் உயரத்தைச் சரிசெய்து ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்தார்கள். மனைவியின் நாற்காலி, மைக்கிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் இடத்துக்கு மாறியது.

கேக் வெட்டியதும் அவரைக் கூப்பிட்டார்கள். காத்திருக்க வைக்கவில்லை. அறிமுகம் இரண்டே வாக்கியம்: பெண்ணின் சித்தப்பா, அவளை முதன்முதலில் ரயிலில் கூட்டிப்போனவர். "சிறந்த பேச்சாளர்" போன்ற பொல்லாப்பு எதுவும் இல்லை.

"இவள் என்னை டிங்-டிங் என்றுதான் கூப்பிடுவாள்" என்று ஆரம்பித்தார். பெண் சிரித்துவிட்டாள், சபையும் சிரித்தது. இரண்டாவது வரி, மூன்றாவது வரி சரியாகவே போயின. நான்காவது வரியில் அண்ணன் பெயர் வந்தது. பெயரைச் சொன்னார், நின்றுவிட்டார்.

பாண்டுக்காரர் ஒருவர் டிரம்பெட்டை எடுத்தார். எம்.சி. அவரைப் பார்க்காமலே கையைத் தாழ்த்திக் காட்டி நிறுத்தினார். தானும் மைக்குக்குப் பக்கத்தில் போகவில்லை, ஜோக் அடிக்கவில்லை. நாலைந்து விநாடிதான் இருக்கும். எனக்கு அது விரார் வண்டிக்குக் காத்திருப்பது போல இருந்தது. பிறகு கிழவர் கிளாஸைத் தூக்கினார். நாற்காலிகள் நகரும் சத்தம். எல்லோரும் எழுந்து நின்றோம். அப்புறம்தான் எம்.சி. மணமக்களின் பெயரைச் சொன்னார்.

நான்காவது வரி அட்டையிலேயே தங்கிவிட்டது. மறுநாள் அதை உறையில் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டாராம்.