கல்லோடனுக்கு யார் பொறுப்பு?

1746 ஏப்ரல் 16 அன்று ஸ்காட்லாந்தின் கல்லோடனில் நடந்த போர் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அதற்குள் இளவரசர் சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட்டின் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தைய நாள் முழுவதும் ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான் உணவு. எதிரி முகாமைத் தாக்க இரவெல்லாம் நடந்து, எட்ட முடியாமல் திரும்பி, கண் அயர்வதற்குள் பீரங்கிகளுக்கு எதிரே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள்.

பிரிட்டிஷ் அரியணை யாருக்கு உரியது என்பதில் இரு தரப்புக்கும் வாதம் இருந்தது. இளவரசரின் பாட்டனார், கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ், 1688-ல் ஆட்சியை இழந்தார். கத்தோலிக்கர் முடிசூட முடியாது என்று 1701-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. மதத்தைக் காரணம் காட்டி ஒரு வாரிசை விலக்கலாமா என்று கேட்பவர்களை நாம் குறைசொல்ல மாட்டோம். ஆனால் இளவரசரின் தந்தைக்கு உரிமை இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அரியணையை மீட்க 1745-ல் மகன் படை திரட்டியது குற்றமே.

பிரெஞ்சுப் படை உடன் வராமல், விரல்விட்டு எண்ணக்கூடிய துணைவர்களோடு அவர் ஸ்காட்லாந்தின் எரிஸ்கே தீவில் இறங்கினார். வீடு திரும்புங்கள் என்று அங்கேயே அவருக்குச் சொல்லப்பட்டது. கேமரன் குலத் தலைவர் லோகியேலும் தயங்கி, பிறகு இணங்கினார். மலைநாட்டில் தலைவர் இணங்கினால் குடியானவரும் வாளெடுத்தாக வேண்டும். மறுத்தவர்களின் கூரையைக் கொளுத்துவதாக மிரட்டிப் படைக்கு ஆள் பிடித்ததும் உண்டு. டிசம்பரில் அந்தப் படை லண்டனுக்கு 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டார்பி வரை சென்றது. இங்கிலாந்தில் ஆதரவு திரளும் என்று அதுவரை நம்பிக்கையூட்டி வந்தவர், தளபதிகள் நெருக்கிக் கேட்ட பிறகுதான், ஸ்காட்லாந்து வந்தது முதல் இங்கிலாந்து ஆதரவாளர்களிடமிருந்து தமக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறர் உயிரைப் பணயம் வைத்தவர், அவர்களிடமே உண்மையை மறைத்தார். இதை இளமையின் துணிச்சல் என்று மன்னிக்க நமக்கு மனமில்லை.

தோல்விக்குப் பின் ருத்வன் என்ற இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மீண்டும் கூடி அவருக்காகக் காத்திருந்தனர். அவரவர் உயிரை அவரவர் காத்துக்கொள்ளட்டும் என்ற செய்திதான் வந்தது. அவர் தலைக்கு 30,000 பவுண்டு விலை வைக்கப்பட்டிருந்தும், ஐந்து மாதம் மலைகளிலும் தீவுகளிலும் ஒளிந்து திரிந்த அவரை அந்த ஏழை மக்களில் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. செப்டம்பரில் அவர் பிரெஞ்சுக் கப்பலேறினார்.

அவர்களால் கப்பலேற முடியவில்லை. அரசுப் படையின் தளபதியான கம்பர்லாந்து கோமகனின் ஆட்கள் களத்தில் கிடந்த காயம்பட்டவர்களைக் கொன்றனர், வீடுகளை எரித்தனர், ஆடுமாடுகளை ஓட்டிச் சென்றனர். ஏறத்தாழ 120 பேர் மரண தண்டனைக்கு உள்ளானார்கள். மலைநாட்டு ஆண்கள் தங்கள் உடையை உடுத்தவும் தடை வந்தது. அது நீங்க 1782 ஆயிற்று. இந்தக் கொடுமைகளுக்குக் கோமகனும் அவரை ஏவிய அரசுமே முதற்பொறுப்பு. அதனால் இளவரசரின் பங்கு குறைந்துவிடாது. அந்த மக்களை அவர்களுடைய வீட்டுவாசலில் வந்து அழைத்தவர் அவர்.

இளவரசர் 1788-ல் ரோமில் இறந்தார். புனித பேதுரு பேராலயத்தில் அவர் பெயர் சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லோடன் புதைகுழிகளின் மேல் 1881-ல்தான் கற்கள் நடப்பட்டன. அவற்றில் ஆட்களின் பெயர் இல்லை, குலப்பெயர் மட்டுமே. குலம் பிரித்தறிய முடியாதவர்கள் கிடக்கும் இடத்தில் உள்ள கல் அவர்களைப் பல குலத்தார் என்று மட்டும் சொல்கிறது.