‘டி டிரைவில் இருக்கிறது’ என்னும் மூடநம்பிக்கை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதையொட்டிப் பல்கலைக்கழக விடுதிகளில் மடிக்கணினிகள் புதிய இயங்குதளத்துக்கு மாறுகின்றன. மாற்றித்தருபவர் கேட்பது ஒரே கேள்விதான்: “டேட்டா எல்லாம் டி டிரைவில்தானே இருக்கிறது?” ஆய்வாளர் தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பின்மேல் ஐந்தாண்டு உழைப்பு நிறுத்தப்படுகிறது. கல்விப்புலம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கும் மூடநம்பிக்கைகளுள் இதுவும் ஒன்று.

சி, டி என்பவை இரண்டு தட்டுகள் அல்ல. பெரும்பாலான மடிக்கணினிகளில் அவை ஒரே வன்தட்டின்மேல் போடப்பட்ட எல்லைக்கோடுகள். தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். மேலும், விண்டோஸ் நிறுவும் திரையில் சி, டி என்னும் எழுத்துகள் தோன்றுவதில்லை. பெயரிடப்படாத பிரிவுகளுக்கு எண்ணும் அளவும் மட்டுமே தெரியும். அங்கே ஒரு வரி மாறி ‘டெலிட்’ அழுத்தினால் போதும். லினக்ஸ் நிறுவுகையில் ‘முழுத் தட்டையும் அழித்து நிறுவு’ என்னும் தெரிவு, டி டிரைவையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

டி பிழைத்தாலும் ஆய்வு பிழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் கோப்புறைகள் இயல்பாக இருப்பது சி-யில். ஸோட்டெரோவில் சேர்த்த துணைநூற்பட்டியல் இருப்பதும் அங்கேதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட இயல்கள் டி-யில் பத்திரமாக இருக்கும். எழுத்துரு சி-யோடு அழிந்திருக்கும். கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். பிட்லாக்கர் பூட்டியிருந்தால் நிலை இன்னும் மோசம்: மீட்புக் குறியீடு கையில் இல்லாதவருக்கு டி டிரைவ் திறவாக் கதவு.

‘கவனமில்லாத மாணவருக்கு நேர்வது இது’ என்று துறைகள் கைகழுவுகின்றன. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில், காப்புப்படி எடுப்பதற்கான நிரலில் நேர்ந்த பிழையால் சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவுகள் அழிந்தன. 14 ஆய்வுக்குழுக்கள் பாதிக்கப்பட்டன. வல்லுநர் பராமரித்த இடத்திலேயே இது நேர்ந்தது என்றால், விடுதி அறையில் நள்ளிரவில் தனியே நிறுவும் மாணவரை மட்டும் குற்றவாளியாக்குவது என்ன நியாயம்?

தமிழ் மாணவருக்கு இது புதிய சூழலும் அன்று. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே தட்டில் நிறுவப்பட்ட கணினிகளும் வழங்கப்பட்டன. ஒரு தலைமுறையே பிரிக்கப்பட்ட தட்டுகளோடு வளர்ந்தது. அத்தலைமுறை முனைவர் பட்டத்துக்கு வந்தபோது, பல்கலைக்கழக மானியக்குழு ஆய்வு, வெளியீட்டு அறம் பற்றிய 30 மணி நேரப் பாடத்தை 2019-இல் கட்டாயமாக்கியது. கருத்துத் திருட்டு, போலி இதழ்கள், மேற்கோள் அளவீடுகள் எல்லாம் அதில் உண்டு. தரவைக் காப்பதற்கென ஓர் அலகு இல்லை. திருடாமல் எழுதுவது அறமென்றால், திரட்டியதைத் தொலைக்காமல் வைத்திருப்பது எதில் சேரும்?

சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரம் போன்ற எல்லைப் பகுதியில் ஒரு மூதாட்டியின் தமிழ்ப் பேச்சை ஒருவர் பதிவுசெய்து வந்ததாகக் கொள்வோம். இயலை மீண்டும் எழுதிவிடலாம். அந்தக் குரலை, அவர் மறைந்தபின், எந்த மீட்பு மென்பொருள் கொண்டுவரும்? அழிந்தது ஆய்வாளரின் சொத்து மட்டுமன்று; நம்பிப் பேசியவர் ஒப்படைத்த அடைக்கலப்பொருள்.

செய்யவேண்டியவை சிலவே. எல்லாவற்றையும் வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்தபின் அதைக் கழற்றி வைக்கவேண்டும். எழுத்துருக்களையும் மீட்புக் குறியீட்டையும் தனியே சேமிக்கவேண்டும். பிரிவுகளுக்குப் பெயரிட்டு, அவற்றின் அளவுகளைத் தாளில் குறித்துக்கொள்ளவேண்டும். நிறுவும்போது, குறித்த அளவோடு ஒத்துப்பார்க்காமல் எந்தப் பிரிவையும் அழிக்கக்கூடாது. தவறி அழித்துவிட்டால் அந்தத் தட்டில் மேற்கொண்டு ஒன்றையும் எழுதாமல் உடனே நிறுத்தவேண்டும். டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகள் தொலைந்த பிரிவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அப்போதுதான் மிஞ்சும்.

இவற்றைக் கற்பிக்க, அந்த 30 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் போதும். துறைக்கு ஒரு பொதுச் சேமிப்பகம் வாங்க, ஒரு கருத்தரங்கின் பொன்னாடைச் செலவைக் குறைத்துத் தொடங்கலாம். அதைச் செய்யாத துறைக்கு, வன்தட்டு அழிந்து நிற்கும் மாணவரிடம் “ஏன் காலதாமதம்?” என்று கேட்கும் தகுதி இல்லை.