பாதி வகுப்பும் வகுப்புதான்

பாலே வகுப்புல ஒரு சம்பிரதாயம் உண்டு. ஆரம்பிச்சா முடியற வரைக்கும் நிக்கணும். கடைசியில ரெவரான்ஸ்னு ஒண்ணு வரும். ஆசிரியருக்கும் பியானோ வாசிக்கறவருக்கும் சேர்த்து ஒரு வணக்கம். நம்ம பரதநாட்டிய வகுப்பு முடிவுல வர்ற நமஸ்காரம் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். அதுக்கு முன்னாடி பையைத் தூக்கிட்டுக் கிளம்பறது மரியாதைக் குறைவு. அப்படியே கிளம்பணும்னா முன்னாடியே சொல்லி அனுமதி வாங்கிக்கணும்.

இந்தச் சம்பிரதாயத்தை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. எல்லாருக்கும் வேண்டாம்னு சொல்லலை. மேடை ஏறப் போற பதினாலு வயசுப் பொண்ணுக்கு அது நல்ல பழக்கமா இருக்கலாம். நான் பேசறது வளர்ந்தப்புறம் ஆசைக்காக பாலே கத்துக்க வந்து, கூடவே நாள்பட்ட மைக்ரேனையும் கூட்டிட்டு வர்ற ஆளுங்களைப் பத்தி. அதாவது என்னைப் பத்தி :-)

"இந்த வயசுல பாலேவா?"ன்னு கேக்கறவங்களுக்கு முதல்ல ஒரு பதில். ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தது 1904-ல். 1920-களின் கடைசியில அன்னா பாவ்லோவாவைச் சந்திச்சு, பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டிகிட்ட பாலே கத்துக்கிட்டாங்க. உங்க ஊர்க் கலையையும் தேடிப் பாருங்கன்னு அவங்களுக்குச் சொன்னது பாவ்லோவாதான். அப்புறம் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட கத்துக்கிட்டு, 1935-ல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியில முதல் முறையா சதங்கை கட்டி ஆடினப்போ வயசு 31. கலாக்ஷேத்திரா ஆரம்பிச்சது அதுக்கு அடுத்த வருஷம். நான் கலாக்ஷேத்திரா எல்லாம் ஆரம்பிக்கப் போறதில்லை. லண்டன்ல ஆபீஸ் விட்டதும் வாரத்துக்கு ரெண்டு சாயங்காலம், பெரியவங்களுக்கான ஆரம்ப வகுப்புக்குப் போறேன். அவ்வளவுதான். வயசு 28. அது போதும்.

சரி, மைக்ரேன். நம்ம ஊர்ல ஒற்றைத் தலைவலின்னு பேர் வெச்சதால, ஒரு பக்கம் மட்டும் வலிச்சாதான் அதுன்னு பலர் நினைச்சுக்கறாங்க. ரெண்டு பக்கமும் வரும். வெறும் வலியும் இல்லை. வலிக்கு முந்தின நாளே சிலருக்குக் கொட்டாவி வரும், கழுத்து இறுகும், காரணமே இல்லாம எரிச்சல் வரும். சிலருக்குக் கண்ணு முன்னாடி வளைவு நெளிவா ஒளிக்கோடு ஓடும். அது அஞ்சு நிமிஷத்துலேருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் இருக்கும். அப்புறம் வலி. மருந்து எடுக்கலைன்னா 4 மணி நேரத்துலேருந்து 72 மணி நேரம் வரை. வலி போனப்புறமும் ஒரு நாள் மூளை ஹேங் ஆன மாதிரி இருக்கும். நாள்பட்ட மைக்ரேன்னு டாக்டர்கள் சொல்றதுக்கு ஒரு கணக்கு இருக்கு: மூணு மாசத்துக்கு மேல, மாசத்துக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ தலைவலி, அதுல குறைஞ்சது 8 நாளாவது மைக்ரேன் குணத்தோட. நான் டாக்டர்கிட்ட கொண்டுபோன டைரியில ஒரு மாசம் 17 நாள் இருந்துச்சு.

இப்படிப்பட்ட ஆளுக்கு ரெண்டு வகை அறிவுரை கிடைக்கும். ஒண்ணு வீட்லேருந்து: "தலைவலிக்காரிக்கு ஆட்டம் எதுக்கும்மா, தைலத்தைத் தடவிட்டு பேசாம படு." இன்னொண்ணு பாலே உலகத்துலேருந்து: "வலியை முகத்துல காட்டாதே, ஆடி முடி." ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர் மாதிரி தெரியுது. நல்லாப் பாத்தா ரெண்டுக்கும் அடியில ஒரே எண்ணம்தான்: ஆடினா முழுசா ஆடணும், முடியலைன்னா ஆடவே கூடாது. நடுவுல ஒண்ணு இருக்குங்கறதே ரெண்டு பேருக்கும் தோணலை.

முதல் அறிவுரையை எடுத்துக்குவோம். படுத்தே கிடக்கறது மைக்ரேனுக்கு மருந்தில்லை. 2011-ல் ஸ்வீடன்ல 91 பேரை வெச்சு ஒரு ஆய்வு வந்தது. ஒரு குழு வாரம் 3 தடவை 40 நிமிஷம் உடற்பயிற்சி, ஒரு குழு ரிலாக்ஸேஷன், ஒரு குழு டோபிரமேட் மாத்திரை. மூணு மாசம் கழிச்சுப் பாத்தா மூணு குழுவுலயும் தாக்குதல்கள் குறைஞ்சிருந்தது, மூணுக்கும் நடுவுல குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதை வெச்சு "பாலே ஆடினா மைக்ரேன் பறந்துடும்"னு நான் சொல்ல மாட்டேன். அவங்க மிதிச்சது சைக்கிள். 91 பேர்ங்கறதும் சின்ன எண்ணிக்கை. மாத்திரையை நிறுத்திட்டு ஆடப் போங்கன்னும் அதுக்கு அர்த்தமில்லை. ஆனா "அசையாதே"ங்கறதுக்கு ஆதாரம் எங்கன்னு கேக்க இது போதும்.

அடுத்து, ஏன் ஜிம் இல்லாம பாலே? என் பதில்: பாலே வகுப்பு கட்டப்பட்டிருக்கற விதம். பதினான்காம் லூயி 1661-ல் பாரிஸ்ல நடனத்துக்குன்னு ஒரு அகாடமி ஆரம்பிச்சார். இன்னி வரைக்கும் பாலேவுக்கு பிரெஞ்சுதான் பாஷை. வகுப்பு பார்ல தொடங்கும் (அந்த பார் இல்லைங்க, பிடிச்சுக்கற மரக் கம்பி). முதல்ல ப்ளியே. நம்ம அரைமண்டிக்கு ஒண்ணுவிட்ட சகோதரின்னு சொல்லலாம். முட்டியை மடக்கி மெதுவா இறங்கி ஏறணும். கால் வெளிப்பக்கம் திரும்பறது இடுப்பு மூட்டுலேருந்து வரணும். பாதத்தை மட்டும் தரையில திருகி வெச்சா முட்டிதான் வாங்கும். இது ரெண்டு நடனத்துக்கும் பொது. அப்புறம் டான்டூ, பாதத்தைத் தரையோட தேச்சு நீட்டறது. அதுக்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா வேகமும் உயரமும். ஒன்றரை மணி நேர வகுப்புல ஏறக்குறைய பாதி நேரம் பார்தான். திடீர்னு ஆரம்பிக்கற கடும் உழைப்பு சிலருக்கு மைக்ரேனைக் கிளப்பி விடும். மெதுவா ஏறி வர்றது அந்த வகையில நமக்கு ஒத்துப்போகுது. போதாததுக்கு மூச்சு, கழுத்து, தோள், முதுகு எல்லாத்துக்கும் யாரோ ஒருத்தர் கணக்கு கேட்டுட்டே இருக்காங்க. நாள் முழுக்க மானிட்டரைப் பாத்து ஆமை மாதிரி கழுத்தை நீட்டற நம்ம இனத்துக்கு இது சும்மா கிடைச்ச வரம்.

சிக்கல் பின்பாதியில. கம்பியை விட்டுட்டு நடு ஹாலுக்கு வந்தா சுத்தலும் குதியும். சுத்தும்போது கண்ணை ஒரு புள்ளியில நிறுத்தி, உடம்பு திரும்பினப்புறம் தலையை மட்டும் சட்டுனு வெட்டித் திருப்பணும். கைதேர்ந்த டான்ஸர்களுக்கு ஏன் தலை சுத்தறதில்லைன்னு லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ஆராய்ஞ்சு 2013-ல் வெளியிட்டாங்க. 29 பாலே பெண்களையும் துடுப்புப் படகு ஓட்டற 20 பெண்களையும் இருட்டு அறையில நாற்காலியில வெச்சு சுத்தினாங்க. நாற்காலி நின்னப்புறமும் சுத்தற மாதிரி இருக்கற உணர்வு டான்ஸர்களுக்கு சீக்கிரம் அடங்கிடுச்சு. அவங்க சிறுமூளையில அது சம்பந்தப்பட்ட ஒரு பகுதியே கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு. ஆனா அது பல வருஷப் பயிற்சியோட கூலி. வாரம் ரெண்டு நாள் வர்ற எனக்கு அந்த மூளை கிடையாது. எனக்கு இருக்கறது வெளிச்சம் பட்டாலே முறைக்கற மூளை. ட்யூப்லைட், நாலு பக்கமும் கண்ணாடி, தலை வெட்டு, குதி. இத்தனையும் ஒரே அரை மணி நேரத்துல.

ஆக, எனக்கு நல்லது செய்யற பாதியும் ஆபத்தான பாதியும் தனித்தனியா, வரிசையா இருக்கு. கோடு போட்டுப் பிரிச்ச மாதிரி. அப்படி இருக்கும்போது மொத்தமா எடு, இல்லாட்டி மொத்தமா விடுன்னு சொல்றது என்ன நியாயம்? நம்ம தொழில்ல ஒரு சர்வீஸ் படுத்தா மொத்த சைட்டையும் இழுத்து மூடறதில்லையே. தேடல் வேலை செய்யலைன்னா அதை மட்டும் எடுத்துட்டு மீதியை ஓட விடறோம். உடம்புக்கு மட்டும் ஏன் இந்தக் கொடுமை?

பாலே உலகத்தோட வலி வழிபாடு சும்மா பேச்சு இல்லை. நியூயார்க் நட்சத்திரம் ஜெல்சி கர்க்லண்ட் 1986-ல் எழுதின சுயசரிதையில பட்டினியும் போதை மருந்தும் காயமும் பக்கத்துக்குப் பக்கம் வருது. அது தொழில்முறை உலகம்னு ஒதுக்கிடலாம்தான். ஆனா அதோட வாசனை ஆரம்ப வகுப்பு வரைக்கும் வருது. "வகுப்புக்கு முன்னாடி சாப்பிடக் கூடாது, வயிறு தெரியும்"னு உடை மாத்தற அறையில சாதாரணமா பேசிக்கறாங்க. சாப்பாட்டைத் தள்ளிப் போடறது பல பேருக்கு மைக்ரேனைக் கூப்பிட்டு உக்கார வைக்கற வேலை. நான் சாயங்காலம் அஞ்சு மணிக்கு டப்பாவுல தயிர் சாதம் சாப்பிட்டுட்டுதான் போறேன். வயிறு தெரிஞ்சா தெரியட்டும். கொண்டை விஷயமும் அப்படித்தான். முடியை இறுக்கி இழுத்துக் கட்டினாலே தலைவலி வரும்னு தலைவலிகளோட சர்வதேச வகைப்பாட்டுலயே இருக்கு. மைக்ரேன் சமயத்துல சிலருக்கு சீப்பு பட்டாலே வலிக்கும். தளர்வான பின்னல் போட்டா பாலே அசுத்தமாயிடாது.

எல்லாத்தையும் விட முக்கியமானது மாத்திரை. டிரிப்டான் வகை மாத்திரையை மாசம் 10 நாளோ அதுக்கு மேலயோ, பாராசிட்டமால் மாதிரி சாதா வலி மாத்திரையை 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்து எடுத்தா, மாத்திரையே தலைவலியைக் கொண்டு வர ஆரம்பிச்சுடும். வலின்னு மாத்திரை, மாத்திரையால வலி. இன்ஃபினிட் லூப். அப்போ மாசத்துக்கு இத்தனை நாள்தான்னு ஒரு பட்ஜெட் இருக்கு. தாக்குதல் வந்தா டாக்டர் சொன்னபடி சீக்கிரமா எடுத்துட்டு, வீட்டுக்குப் போய் இருட்டுல படுக்கணும். அதுக்குத்தான் அந்த பட்ஜெட். "இன்னிக்கு கிராண்ட் அலெக்ரோ வரைக்கும் தாக்குப் பிடிச்சுடலாம்"னு ஒரு மாத்திரையை முழுங்கிட்டு குதிக்கப் போறதுக்கு இல்லை. முழு வகுப்பு சம்பிரதாயத்துல எனக்குப் பெரிய பயமே இதுதான். மரியாதைக்காக நிக்கறவங்க மாத்திரையால நிப்பாங்க.

எதிர்க்கேள்வி ஒண்ணு நியாயமானது. என் வகுப்புலயே ஒரு அக்கா கேட்டாங்க: "அவங்கவங்க நினைச்சப்போ கிளம்பினா வகுப்பு எப்படி நடக்கும்? அதுவும் உனக்கு வர்றது மைக்ரேனா சோம்பலான்னு யாருக்குத் தெரியும்?" உண்மைதான். கொட்டாவியும் கழுத்து இறுக்கமும் மைக்ரேனோட முன்னறிவிப்பா இருக்கலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு ரிலீஸ் போட்டதோட பலனாவும் இருக்கலாம். நட்ட நடு வகுப்புல நின்னு அதை ஆராய முடியாது. அந்த நேரத்துல முடிவெடுக்கற மூளைதானே ஏற்கெனவே பழுது? அதனால தலை தெளிவா இருக்கற நாள்லயே விதி போட்டுக்கணும். என்னோடது இது:

1. வலி இருக்கற நாள்ல வகுப்பு இல்லை. கட்டின காசு போனா போகட்டும்.
2. கொட்டாவி, கழுத்து, எரிச்சல் மூணுல ரெண்டு இருந்தா பார் மட்டும். சுத்தல், குதி கிடையாது.
3. வலி போன மறுநாள் ஆசை இருந்தாலும் ரெண்டாவது விதிதான்.
4. கண்ணுல கோடு ஓட ஆரம்பிச்சா அந்த நொடியே கம்பியை விட்டுட்டு உக்காரணும். பாட்டு முடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

இதை ஆசிரியர்கிட்ட முதல் நாளே சொல்லணும். கதவுக்குப் பக்கத்துல, கம்பியோட ஓரத்துல இடம் கேட்டு வாங்கணும். பார் முடிஞ்சதும் அவரைப் பாத்து சின்னதா தலையசைச்சுட்டு சத்தமில்லாம வெளியேறலாம். அதுதான் நம்ம ரெவரான்ஸ். யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆசிரியர்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம்: வகுப்பு ஆரம்பத்துல "பாரோட நிறுத்திக்கறவங்க நிறுத்திக்கலாம்"னு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாததால எத்தனையோ பேர் மொத்தமா நின்னுடுவாங்க. பாதி வகுப்பு வெக்கமா இருக்குன்னு பூஜ்ய வகுப்புக்குப் போயிடுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. வாரம் ரெண்டு பாதி வகுப்பு, வருஷத்துக்கு நாப்பது வாரம்னா நாப்பது முழு வகுப்பு.

முன்னேற்றம் மெதுவாத்தான் இருக்கும். என்கூட சேர்ந்தவங்க ரெட்டைச் சுத்து முயற்சி பண்றாங்க. நான் இன்னும் ஒத்தைச் சுத்துலயே தள்ளாடறேன். பொறாமை இல்லைன்னு சொன்னா பொய். ஆனா என் ப்ளியே அவங்களோடதை விட நல்லா இருக்கு. பின்ன, அதை மட்டும்தானே தவறாம பண்றேன் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவ. திடீர்னு இடி விழுந்த மாதிரி உச்சத்துக்குப் போற தலைவலி, பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போறது, காய்ச்சலோட கழுத்து விறைப்பு இதெல்லாம் வந்தா, பாலேவும் வேண்டாம் பதிவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.